புது வேலை, பழைய முகம்

பம்பு கம்பெனி மேலாளர் வாயெல்லாம் பல்லாக அவளை வரவேற்றார். தொழில் நடத்துகிறவர்களுக்கு அரசாங்கம் தரும் வரிச்சலுகையால் ஊருக்கு உண்மையில் ஏதாவது விடிந்ததா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். புதிதாக நிறைய வேலை தருகிறோம் என்று சொல்லித்தான் இந்தக் கம்பெனி சலுகை வாங்கியிருந்தது.

"எல்லாமே புது வேலை மேடம். நாங்க வரலைன்னா இவங்கல்லாம் வீட்லதான் உக்காந்திருப்பாங்க."

இரும்பு கடையும் லேத் மெஷின் வரிசையில் ஒருவன் அவளைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். கிட்டே போனதும் வேறு வழியில்லாமல் நிமிர்ந்தான்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி? அண்ணன் இன்னும் கோவமாத்தான் இருக்காரா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கணவனின் பட்டறையில் வலது கையாக இருந்தவன் அவன். அடுத்த மெஷினிலும் தெரிந்த முகம். அதற்கடுத்ததிலும்.

"என்ன கோவம்? ஆர்டர் இல்லைன்னு அவர்தானே உங்களை நிறுத்தினாரு?"

அவன் திருதிருவென்று விழித்தான். "நிறுத்தலையே அண்ணி. நாங்கதான் இங்க வந்துட்டோம். வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தாரு. இங்க சம்பளம் தள்ளிப்போறதில்ல. நாங்க என்ன பண்றது?"

சலுகை வாங்கிய கம்பெனி அவள் வீட்டுப் பட்டறையையே காலி செய்திருக்கிறது. இதை அறிக்கையில் எழுதினால், புருஷனுக்காகப் பழிவாங்குகிறாள் என்பார்கள். எழுதாவிட்டால் பொய். நேராகத் தலைமை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நல்ல வேளை சொன்னீங்க. இதுல நீங்க இனிமே தலையிடக் கூடாது" என்றவர், வேலையைக் கறாரிடம் ஒப்படைத்தார். அந்த சக அதிகாரிக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. பெற்ற தாயிடமே அத்தாட்சி கேட்பவர் என்று பேச்சு.

ஆட்கள் ஏன் போனார்கள் என்று விசாரிக்க அவர் எந்த நேரமும் வீட்டுக்கு வரலாம். கணவனை முன்கூட்டியே எச்சரிக்கவும் கூடாது. கதவு தட்டும் சத்தம் கேட்டாலே அவள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கணவன் கேட்டபோதெல்லாம் தலைவலி என்று சமாளித்தாள்.

விடுமுறை நாள் காலையில் கறார் வந்தார். அவள் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். காது மட்டும் கூடத்திலேயே இருந்தது.

"உங்க ஆளுங்க எதுக்குப் போனாங்க?"

"யாரும் போகல சார். நான்தான் அனுப்பினேன்" என்றான் கணவன், கொஞ்சமும் அசராமல்.

"அப்ப கம்பெனி உங்க ஆளுங்களை இழுத்துக்கலை. அப்படியே எழுதிக்கவா?"

"தாராளமா."

வாயைத் திறந்தால் வேலைக்கே உலை வைத்துக்கொள்கிற காரியம். கட்டிய புருஷனின் மானம் வேறு. ஆனாலும் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"அது நிஜமில்லை சார். நான் சொல்றதையும் எழுத வேண்டாம். போனவங்ககிட்டயே கேளுங்க."

கணவன் முகம் செத்துப்போனது. அவளைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய் நின்னேன் சார். ஒருத்தனும் வரல. அதைப் பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது?"

கறார் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க பேசினதையும் மேல சொல்லித்தான் ஆகணும்" என்றுவிட்டுப் போனார்.

விசாரணையில் குறுக்கிட்டதற்காக அவளுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. வேலை தப்பியது. கம்பெனியில் பாதிக்கு மேல் புது வேலையே இல்லை, பழைய வேலைதான் பட்டறைகளிலிருந்து இடம் மாறி வந்திருக்கிறது என்று அறிக்கை போயிற்று. சலுகையைக் குறைத்தார்கள். மேலாளர் குதித்தார், ஆனால் கம்பெனி எங்கும் போகவில்லை. போன ஆட்களும் திரும்பவில்லை.

வீட்டில்தான் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது கணவனே வாயைத் திறந்தான்.

"ரெண்டு மெஷினை வித்துடலாம்னு பார்க்குறேன். ஓட்ட ஆளில்லை."

பட்டறையின் உண்மை நிலையை அவன் அவளிடம் சொல்வது இதுவே முதல் தடவை.

"வித்தா வீடு எப்படி ஓடும்?"

"தெரியல. பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.