காலித் தொட்டியில் ஒரு பூஜ்யம்

1

இந்தக் கதை ஒரு பலகையிலிருந்து தொடங்கியது. மூடப்பட்ட பெட்ரோல் பங்க் ஒன்றின் வேலியில் ‘காலித் தொட்டி. அபாயம்’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். காலியில் என்ன அபாயம்? விசாரித்தேன். தொட்டி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. பற்றிக்கொள்ள வழி குறைவு. காலி செய்தபின் அடியில் தங்கிய கசடு ஆவியாகிக் காற்றோடு கலக்கும். அந்தக் கலவைக்கு ஒரு பொறி போதும். ‘காலி’ என்ற சொல்லை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அந்த ஒப்பந்தக்காரர் ஒரு பொய்யர். அவர்—”

(அடித்துவிட்டேன். மனிதர் இன்னும் வாயே திறக்கவில்லை.)

மறுபடியும்: பங்க் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே தீயணைப்புத் துறை ஆய்வாளருக்கு மனம் ஒப்பவில்லை. பழைய தொட்டிக்குள் ஆள் இறங்கிக் கழுவ அவள்தான் அனுமதி தர வேண்டும். கேட்டிருக்கும் ஒப்பந்தக்காரர் அவளுடைய அக்கா கணவர்.

(சொந்தக்காரர் வேலைக்கு அவளையே அனுப்புவார்களா? நல்ல கேள்வி. இன்னொரு ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார். எனக்கே இதில் அரை நம்பிக்கைதான்.)

அத்தான் தன் கருவியின் குழாயைத் தொட்டியின் அடிவரை விட்டிருந்தார். திரையில் பூஜ்யம்.

“பாத்துக்கோ. ஆவி துளிகூட இல்ல. கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்கு வா. உங்கக்கா கேட்டுக்கிட்டே இருக்கா.”

“அக்கா கேக்குறது இருக்கட்டும் அத்தான். நேத்துக் காலி பண்ண தொட்டி எப்படி இவ்வளவு சுத்தமா பூஜ்யம் காட்டும்?”

“சுத்தமா இருந்தாலும் குத்தமா? கல்யாணத்துல என் மோதிரத்தையே உரசிப் பாத்த குடும்பமாச்சே!”

அவள் சிரிக்கவில்லை. தொட்டி வாயின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள். கொளுத்தும் வெயிலில் இரும்பு சுட வேண்டும். சில்லென்று இருந்தது. தன் கருவியை முடுக்கினாள். அது தயாராகச் சற்று நேரம் பிடிக்கும்.

3

அதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். (எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.) அத்தானின் கருவிக்குள் சூடான சிறு கம்பி ஒன்று இருக்கிறது. உறிஞ்சிய ஆவியை அதில் எரித்து, எவ்வளவு சூடு கூடுகிறது என்று பார்த்துத்தான் எண் காட்டும். எரிய ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆவி மண்டிக் கிடந்தாலும் எதுவும் எரியாது, பூஜ்யம்தான். அவளுடைய கருவி ஆக்சிஜனையும் தனியே அளக்கும்.

அத்தான் இதைத் தெரிந்தே ஏமாற்றுகிறார் என்பது என் திட்டம். அவர் ஒத்துழைக்கவில்லை.

“எவ்வளவு நேரம் அந்த டப்பாவையே முறைச்சுக்கிட்டு நிப்ப? நம்பிக்கை இல்லன்னா நானே இறங்குறேன், பாரு.”

ஏணியில் கால் வைத்தார்.

கையெழுத்து வாங்க ஒரு மிரட்டல் என்று அவள் நினைத்தாள். நானும்தான்.

“நாடகம் வேணாம் அத்தான். மேல வாங்க.”

“நாடகமா? உலர்பனிக்கட்டிய மூட்டை மூட்டையா கொட்டி, உள்ள இருந்ததையெல்லாம் விரட்டிட்டேன். பொய்னா நான் இறங்குவேனா?”

4

இறங்கமாட்டார். பொய்யர் இறங்கமாட்டார். அவர் உண்மையைத்தான் சொல்கிறார்: உலர்பனிக்கட்டி என்பது உறைந்த கரியமில வாயு; அது ஆவியாகி எல்லாவற்றையும் விரட்டியிருக்கிறது, மூச்சுக்காற்றையும் சேர்த்து.

முடிவு ஒன்று: அவள் பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடி—

முடிவு இரண்டு: அவளுடைய கருவி அலறியபோது ஏணியில் யாரும்—

இரண்டையும் அடித்துவிட்டேன். முதலாவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். இரண்டாவதை அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?

தோள்வரை உள்ளே போய்விட்டார். தலை இன்னும் வெளியே தெரிகிறது. இவ்வளவு நேரம் அவரைச் சந்தேகிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது நான். இனி என் பேச்சு அவளிடம் எடுபடாது. உங்களுக்குத்தான் எல்லாம் விளக்கிவிட்டேனே. அடுத்த வரி உங்களுடையது. அழகாக இருக்க வேண்டியதில்லை.

சீக்கிரம்.