மேனிஃபோல்டுக்கு அடியில் இரண்டு இடம்

காரிலிருந்து ஒரு சென்சாரைக் கழற்றினால், புதிதைப் பொருத்தும் வரை அதன் வேலையை அந்த வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். எங்கள் கோபி ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கழற்ற வேண்டியதும் இரண்டு. சரியாகப் போயிற்று.

காரில் மஞ்சள் விளக்கு எரிந்து நாற்பத்தொரு நாள். மெக்கானிக்கை நான் கூப்பிடுவதில்லை. இன்டேக் மேனிஃபோல்டு என்பது எஞ்சின் மூச்சிழுக்கும் குழாய். அதைத் தூக்கினால்தான் அடியில் சென்சார் தெரியும். ஒன்று சூட்டைப் பார்க்கும். மற்றது எஞ்சினின் துடிப்பில் ஒரு தட்டு தப்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் எட்டு போல்ட்டையும் கழற்றித் தூக்கினேன். எலிப் புழுக்கை. ஒரு புளியங்கொட்டை. பழசு இரண்டையும் பிடுங்கிப் போட்டேன். புதுசு இரண்டையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். புது இடம், கொஞ்சம் பழக வேண்டும்.

சூடு எனக்கு. தட்டு என் மனைவி சரசாத்தாளுக்கு.

வெயில் தொண்ணூற்றெட்டு. ஸ்பேனர் தொண்ணூற்றொன்பது. அவள் காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது.

"நூத்தியொண்ணு புள்ளி நாலு" என்றேன். ஸ்பேனர் கையை விட்டு விழுந்தது.

சென்சாருக்குப் பழைய சூடும் தெரியும். நாற்பத்தொரு நாளாக இதே சூடு.

"காய்ச்சலா?"

"ஆமாங்க."

"சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவ சொன்னனுங்க. பானெட்டுக்குள்ள தலைய விட்டுட்டு, 'இரு, வெளக்கு எரியுது'ன்னீங்க."

பிறகு என் நெஞ்சுப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு எட்டாவது தட்டு விழுகல."

"எப்பருந்து?"

"இப்பத்தானுங்க. ஸ்பேனர் விழுந்ததுலருந்து."

ஈரோட்டில் டாக்டர் பன்னிரண்டு மணி வரைதான் இருப்பார். மணி பத்தரை.

"புதுச மாட்டுங்க, கெளம்பலாம்" என்றாள்.

"மாட்டுனா என் கை வெறுங்கை. உன் சூடு மறுபடி தெரியாது."

அவள் யோசித்தாள். "எனக்கும் உங்க தட்டு கேக்காது. கெடக்கட்டும் உடுங்க."

சென்சார் இல்லாமல் எஞ்சின் எடுக்காது. நான் பழைய சென்சார் இருந்த இடத்தில் இறங்கிப் படுத்தேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"கொஞ்சம் தள்ளித்தான் படுங்களே. வீட்லயும் இதே கூத்து."

தள்ளிப் படுத்தேன். இடம் இருந்தது.

புதுசு இரண்டும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தன. பெரியது மேனிஃபோல்டை எங்கள் மேல் வைத்து எட்டு போல்ட்டையும் முடுக்கியது. ஒன்றைக்கூட விடவில்லை. சின்னது வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறியது. எஞ்சின் ஒரே சாவியில் எடுத்தது.

"வெளக்கு அணைஞ்சிருச்சுங்க" என்று சின்னது மேலிருந்து சொன்னது.

"ஈரோட்டுக்கு எப்படிங்க போகோணும்?" என்று ஓட்ட உட்கார்ந்த பெரியது கேட்டது.

"கவுந்தப்பாடி வழியாப் போ" என்றேன். "பள்ளத்துல மெதுவா எறக்கு. உள்ள ஆளிருக்கு."