காயவச்ச பாட்டு

அண்ணன் செத்து எழுபத்தி மூணு நாள் ஆச்சு. இத்தனை நாளும் ஒரு விஷயத்த பொடிசு வாய்க்குள்ளயே வச்சு மென்னுக்கிட்டு இருந்தா. வெளில சொன்னா அம்மா தன் மூஞ்சியில முழிக்கவே மாட்டாங்கன்னு அவளுக்குப் பயம்.

பொடிசுன்னு பேர் வச்சது அண்ணன்தான். பதினாறு வயசாகி அவன் தோள் உயரத்துக்கு வளந்தப்புறமும் பொடிசுதான்.

விஷயம் இதுதான். அண்ணன் ஒரு பாட்டு பாடியிருந்தான். சொந்தக் குரல்ல, முழுசா நாலு நிமிஷம். அத அவளுக்கு மட்டும் அனுப்பினான். அவ கேட்டா. கேட்டுட்டு அழிச்சுட்டா.

கோவத்துல அழிக்கல. கை தவறி அழியவும் இல்ல. ரூல் அப்படி, அதனால அழிச்சா. அந்த ரூலை அம்மாகிட்ட எந்த வாயால சொல்றது?

ஈரத்துணின்னு ஒரு இசை இருந்துச்சு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உலகம் முழுக்கச் சேத்தாலும் நாப்பது பேர் கேட்டிருந்தா பெருசு. நாலு மாசம் உயிரோட இருந்துச்சு, அவ்வளவுதான். அது பொறந்தது அண்ணன் வேலை பாத்த லாண்டரில. ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரித் திரை எல்லாம் மூட்டை மூட்டையா வரும். பின்கட்டுல எட்டு மெஷின் ஓடும். ஒரு நாள் ஃபோன்ல ரெக்கார்டிங் ஓடிக்கிட்டு இருந்தது தெரியாம, அதையும் சேத்து ஈர டவல் குவியலுக்குள்ள போட்டுட்டான். இஸ்திரி மேஜை ரேடியோவுல ஓடின ஏதோ ஒரு பாட்டு அதுல பதிவாகியிருந்துச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம், மழைக்கு அந்தப் பக்கம் யாரோ பாடற மாதிரி. அவன் அத இன்னும் மெதுவாக்கி நெட்ல போட்டான்.

முதல் கமெண்ட், "என்னடா இது, பாட்டுக்கு ஜலதோஷமா?"

ரெண்டாவது ஆள் கமெண்ட் போடல. தானும் ஒரு டவல எடுத்து நனைச்சுட்டான். ஒரு வாரத்துல அதுக்குப் பேர் வந்துச்சு, ரெண்டாவது வாரம் குரூப் வந்துச்சு. மூணாவது வாரம் சண்டையே வந்துச்சு. டவல்ல எடுத்தாதான் அசல், போர்வைன்னா டூப்புன்னு ஒரு கோஷ்டி ராத்திரி பகலா மல்லுக்கு நின்னுச்சு.

பொடிசுக்கு இதெல்லாம் புதுசு இல்ல. அண்ணனும் அவளும் இந்த மாதிரி குட்டிக் குட்டி இசைங்க பின்னாடியே அலைஞ்சவங்க. ஈரத்துணிக்கு முன்னாடி ஃபிரிட்ஜ் வேவ்னு ஒண்ணு வந்துச்சு. ஃபிரிட்ஜோட ரீங்காரத்துக்கு மேல மெட்டுப் போடறது. ஆறு வாரத்துல அடங்கிடுச்சு. அப்புறம் லிஃப்ட் சோகம், லிஃப்ட் முனகற சத்தத்துல பண்றது. அதக் கேட்டு அப்பாதான் கொதிச்சுட்டாரு. அவரு லிஃப்ட் மெக்கானிக்.

"நான் இருபது வருஷமா அந்தச் சத்தம் வரக்கூடாதுன்னு உயிரக் குடுத்து கிரீஸ் அடிக்கிறேன். துரை அதப் பாட்டுங்கறாரு!"

"அப்பா, நீங்க கிரீஸ் அடிக்காத லிஃப்ட் ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன், ரெக்கார்ட் பண்ணணும்"னான் அண்ணன். அப்பா செருப்பத் தேடினாரு. பொடிசு விழுந்து விழுந்து சிரிச்சா.

ஒரு வகை சாகப்போகுதுன்னா முன்னாடியே தெரிஞ்சுடும். யாராவது அத கிண்டலுக்குப் பண்ண ஆரம்பிப்பாங்க. அப்புறம் குரூப்ல வணக்கம் போடறவன் மட்டும் மிச்சம் இருப்பான். அப்புறம் அவனும் போயிடுவான். அழ ஆள் இருக்காது. அழற அளவுக்கு அது இருந்ததே யாருக்கும் தெரியாது. பொடிசு அப்பல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. அண்ணன் அலட்டிக்க மாட்டான். "சின்னதா இருக்கறப்பவே போயிடணும் பொடிசு. பெருசானா விளம்பரக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்"பான். அன்னிக்கு அது ஸ்டைலா இருந்துச்சு. இன்னிக்கு அந்த வார்த்தைய நெனச்சாலே அவ காதப் பொத்திக்கறா.

ரூலுக்கு வரேன். ஈரத்துணின்னா காயணும் இல்லையா? அதனால, பாட்டுப் பண்ணினவன் அத ஒரே ஒருத்தருக்குத்தான் அனுப்பணும். அனுப்பினதும் தன்கிட்ட இருக்கறத அழிச்சுடணும். வாங்கினவங்க மூணு தடவை கேக்கலாம். மூணாவது முடிஞ்சதும் அழிச்சுட்டு, "காஞ்சாச்சு"ன்னு ஒரு வார்த்தை அனுப்பணும். அவ்வளவுதான் சட்டம். முகம் தெரியாத நாப்பது பேர், ஒருத்தன்கூட ஏமாத்தினதா தெரியல. மூணே தடவைன்னு தெரிஞ்சா காது எப்படித் தீட்டிக்கிட்டு நிக்கும்னு கேட்டவங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் பாடி அனுப்பினது ஒரு செவ்வாக்கிழமை. அதுக்கு முன்னாடி, அவளுக்குத் தெரிஞ்சு எதுலயும் அவன் குரல் கிடையாது. பொடிசு மூணு தடவை கேட்டா, அழிச்சா, "காஞ்சாச்சு"ன்னு அனுப்பினா. அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். பதினோராவது நாள் வேலை விட்டு வர்ற வழியில லாரி. ஃபோன் அவன் சட்டைப் பையில இருந்துச்சு.

அதுக்கப்புறம் வீடே அவன் குரலத் தேடிச்சு. வீடியோ நெறைய இருக்கு. ஆனா எல்லாத்துலயும் ஃபோனப் புடிச்சுக்கிட்டு நின்னவன் அவன். அப்பா சிரிக்கறாரு, அம்மா "போதும்டா, போதும்டா"ன்னு மூஞ்சிய மறைக்கறாங்க, அவன் மூச்சு மட்டும் கேக்குது. அம்மா ஃபோன்ல அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. "வரேன்." ஒரு செகண்ட். அம்மா அதத்தான் காதுல வச்சு வச்சுக் கேட்டாங்க.

ஒடஞ்ச ஃபோன அப்பா செல்ஃபோன் கடைக்கு எடுத்துட்டுப் போனாரு. ஒண்ணு இல்ல, அஞ்சு கடை. கடைசிக் கடைக்காரரு, "சார், உள்ள இருக்கற சிப்பே ரெண்டா பொளந்திருக்கு. இனிமே அலையாதீங்க"ன்னு கையப் புடிச்சுச் சொல்லி அனுப்பினாராம்.

அன்னிக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி அம்மா சொன்னாங்க, "எப்பப் பாத்தாலும் பாட்டு பாட்டுன்னு திரிஞ்சானே. ஒண்ணாவது பாடி வச்சிருக்க மாட்டானா?"

பொடிசு பாதித் தட்டோட எந்திரிச்சுக் கை கழுவினா.

அன்னிக்கே குரூப்ல போய் எழுதினா. 'அண்ணன் பண்ணின பாட்டு யாராவது அழிக்காம வச்சிருக்கீங்களா? ஒண்ணு போதும். திட்டவே மாட்டேன்.'

ரெண்டு நாள் ஒரு அனக்கமும் இல்ல. மூணாவது நாள், குடைங்கற பேருல இருக்கறவன் வந்தான். நேர்ல பாத்ததில்ல, ஆனா அண்ணனோட தினம் பேசினவன்.

'சாரி பொடிசு. எல்லாம் காயவச்சாச்சு. ஈரத்துணி இன்னுமா ஓடுது? நாங்க எல்லாம் ஜிப் பாப்புக்குப் போயாச்சு. பேன்ட் ஜிப் சத்தம்தான் தாளம். செம்ம காமெடி, வா.'

அடுத்த வரி, 'ஆமா, உங்கண்ணன் எங்க? ஆளையே காணோம்?'

அவங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லல. யாரு சொல்றது? பொடிசு எழுதி எழுதி அழிச்சா. கடைசில, 'கொஞ்சம் வேலையா இருக்கான்'னு அனுப்பிட்டு ஃபோனக் கவுத்து வச்சா.

அன்னிக்கு ராத்திரி ஒண்ணரை மணி. யாரோ லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாங்கன்னு அப்பாவுக்கு அழைப்பு வந்து போயிருந்தாரு. அண்ணன் ரூம்ல லைட் எரிஞ்சுச்சு. அம்மா கட்டில்ல உக்காந்து ஃபோனக் காதுல வச்சிருந்தாங்க. வரேன். கொஞ்சம் விட்டு, வரேன்.

பொடிசு கதவுகிட்ட நின்னா. கால் ஜில்லுன்னு இருந்துச்சு.

"தூங்கலையாடி?"

"அம்மா, அடிக்கணும்னா அடிச்சுடு. பேசாம மட்டும் இருந்துடாத."

அம்மா ஃபோன இறக்கினாங்க. "என்னடி? எவனாவது ஏதாவது... பரீட்சையில போச்சா? சொல்லித் தொலையேன், ஈரக்கொலையே நடுங்குது."

"ஐயோ அதெல்லாம் இல்லம்மா. அண்ணன் பாடினான்."

சொல்லிட்டா. டவல், நாப்பது பேரு, மூணு தடவை, காஞ்சாச்சு, எல்லாத்தையும் குழறிக் குழறிக் கொட்டிட்டா. அம்மா குறுக்க பேசல. முடிஞ்சதும் எந்திரிச்சு வெளில போனாங்க. சமையல்கட்டுல குழாய் தொறந்த சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் மூடல. போச்சு, இனிமே அம்மா நம்மகிட்ட பேசப்போறதில்லன்னு பொடிசு கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா.

அம்மா முகம் கழுவிட்டு வந்தாங்க. வந்து எதிர்ல உக்காந்தாங்க.

"மூணு தடவை கேட்டியா?"

"ம்."

"எங்கெங்க கேட்ட?"

அம்மா பல் கிளினிக்ல வரவேற்பு மேஜையில இருக்கறவங்க. எந்தப் பக்கம் வலிக்குது, எப்பலேர்ந்துன்னு கேப்பாங்களே, அதே குரல்.

"மொதல்ல பஸ்ல. அப்புறம் ஸ்கூல் மாடிப்படியில. மூணாவது இங்க, போர்வைக்குள்ள."

"பஸ்ல சத்தமா இருந்திருக்குமே. ஒழுங்கா கேட்டுச்சா?"

"பாதிதான் கேட்டுச்சு."

"பாதிதானா." அம்மா விரலால போர்வையில கோடு போட்டாங்க. "எனக்கு ஏன்டி அவன் அனுப்பல?"

"ஒருத்தருக்குத்தாம்மா அனுப்பணும்."

அம்மா தலைய ஆட்டினாங்க. அந்த ஆட்டலப் பாத்ததும் பொடிசுக்கு, நாலு அறை விட்டிருந்தாத் தேவலன்னு இருந்துச்சு.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"அவன் பேசற மாதிரி இல்லம்மா. சன்னமா இருந்துச்சு. பயந்த மாதிரி. நடுவுல ஒரு எடத்துல சிரிச்சுட்டான்."

"சிரிச்சானா?" அம்மாவோட உதடு கோணிச்சு. "பாடு."

"எனக்கு வராதும்மா."

"தெரிஞ்ச வரைக்கும் பாடு."

பொடிசு பாடினா. தொண்டை கரகரன்னு இருந்துச்சு. மழை விடட்டும், நான் இங்கயே நிக்கறேன்னு ஆரம்பிக்கும். அடுத்த வரி ஞாபகம் இல்ல, ம்ம்ம்னு இழுத்தா. அந்தச் சிரிப்பு வர்ற எடத்துல நிறுத்தினா. சிரிக்க வரல. நாலு நிமிஷப் பாட்டு, அவகிட்ட முக்கா நிமிஷம்தான் மிச்சம் இருந்துச்சு.

"இன்னொரு தடவை."

பாடினா. இந்தத் தடவை அழாம பாடினா, கொஞ்சம் தைரியமாகூட.

"இரு இரு"ன்னாங்க அம்மா. "நிக்கறேன்ங்கறத அப்பக் கீழ இறக்கின. இப்ப மேல தூக்குற. அவன் எப்படிப் பாடினான்?"

பொடிசு வாயத் தொறந்தா. கீழ போற மாதிரி மனசுக்குள்ள பாடிப் பாத்தா. அண்ணன் குரல் மாதிரி இருந்துச்சு. மேல போற மாதிரி பாடிப் பாத்தா. அதுவும் அண்ணன் குரல் மாதிரிதான் இருந்துச்சு.

"தெரியலம்மா"ன்னா. "இப்ப வரைக்கும் தெரிஞ்சுச்சு. பாடிப் பாடி போயிடுச்சு."

அம்மா நகந்து உக்காந்து பக்கத்துல எடம் விட்டாங்க. பொடிசு ஏறிப் படுத்தா. அம்மா விளக்க அணைச்சாங்க. இருட்டுல ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. திரும்பப் பாடினா மிச்சம் இருக்கறதும் மாறிடும்னு ரெண்டு பேருக்குமே பயமா இருந்துச்சு.