இன்னாசிக்குப் பூசிய எண்ணெய்

மாலை ஐந்து மணிக்கே களைத்து மேற்கில் சாய்ந்த கதிரவன், தீவூரான கராச்சர்மாவின் தகரக் கூரைகளைச் செம்பொன்னாக்கி, பாக்குமரங்களின் நிழலைச் சாலைநெடுக நீட்டி, நகரிலிருந்து பிதுங்கி வரும் பேருந்துகள் கிளப்பிய புழுதியையும் பொற்றூளென மயக்கிய அவ்வேளையில், தேவாலயப் பணிவிடை செய்யும் கோயில்பிள்ளை பிரகாசத்தின் முழங்கை பட்டு, நோயாளருக்குப் பூசும் ஒலிவ எண்ணெய்ச் சிமிழ் கற்றரையில் கவிழ்ந்தது. ஆயர் ஆண்டுக்கொருமுறை ஓதித் தரும் எண்ணெய் அது. வாயிலிலோ, வண்டியை உறுமவிட்டபடி பங்குத்தந்தை விரைவுபடுத்தினார். மின்னி பே கடற்கரையில் இன்னாசி இறந்துகொண்டிருந்தான். செய்வதறியாத பிரகாசம், தலையில் மயிர் அற்றுப்போன பின்னும் நன்றிக்கடனாய்த் தான் நாள்தோறும் தேய்த்துவந்த தேங்காயெண்ணெயைச் சிமிழில் ஊற்றி, மூடி, பின்னிருக்கையில் ஏறிக்கொண்டான்.

இன்னாசி யாரென்று சொல்லவேண்டும். கோயில் வேலைக்கு வருமுன் இருபதாண்டு ஒரே படகில் பிரகாசத்தோடு வலையிழுத்தவன். இவன் கொட்டிய கஞ்சியையும் கவிழ்த்த இரைக்கூடையையும் பொறுத்து, இவன் கைபட்டுக் கவிழாதது படகு ஒன்றே என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன். அத்தகையவனின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும், சளியால் மூக்கடைத்திருந்த தந்தை அந்த எண்ணெயைப் பூசி மன்றாட, பிரகாசம் தலைதூக்காமல் நின்றான். விடியுமுன் இன்னாசி போய்ச்சேர்ந்தான்.

அன்றுமுதல் பிரகாசத்துக்கு ஒரே கேள்வி: நண்பனின் கடைசி ஆறுதலைத் தான் தட்டிப் பறித்துவிட்டோமோ? குற்றத்தை மறைத்து, ஒலிவம் கிடைக்காத ஊரில் என்ன செய்வார்கள் என்று தந்தையிடம் வினவினான். அவர் மகிழ்ந்து, வெள்ளம் வடிந்தபின் புறா கொணர்ந்த ஒலிவ இலை அமைதியைக் குறித்ததையும், ஆண்டவர் துயருற்று வேண்டிய தோட்டத்தின் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்றே பொருளென்பதையும், நசுங்கினாலன்றி அக்கனி எண்ணெய் தராது என்பதையும் தேநீர் ஆறும்வரை விரித்துரைத்தார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் அதில் இல்லை. குருத்தோலை ஞாயிறுதோறும் ஒலிவக் கிளைகளைப் பாடியே அறுபதைக் கடந்த பிரகாசம், கடையில் உப்புநீர்ப் புட்டியில் கிடந்த அக்கனியை வாங்கிக் கடித்துப் பார்த்தான். கசந்தது, துப்பினான். அதுவும் விடை சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மாலை, நடந்தும் நின்றும் உள்ளம் ஓய்ந்தவனாய், இன்னாசியின் மனைவி சகாயசெல்வியின் வீட்டுமுன் சென்று நின்றான். அவள் சூரைமீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அன்னைக்குப் பூசினது ஒலிவ எண்ணெய் இல்ல. அத நான் கொட்டிட்டேன். என் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயத்தான் ஊத்திக் கொண்டாந்தேன். அவன் வெறுமனே போயிட்டானா?"

அரிவாள்மணையில் அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்ணே. சாமியாரு நெத்தியில தொட்டதுமே எங்க வீட்டுக்காரவுக தேங்கா வாசத்த மூக்க உறிஞ்சி மோந்தாவ. நீங்க ரெண்டு பேரும் வண்டியேறினப்புறம் என்னக் கிட்டக் கூப்பிட்டு, 'பிரகாசம் கொட்டிட்டான்டி'ன்னாவ. அதான் அவுக கடைசியாப் பேசுனது."

கடல் தன் பழைய சலிப்போடு கரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிரகாசம் படியில் மெல்ல அமர்ந்தான். அங்கிருந்த தண்ணீர்ச் செம்பை அவன் முழங்கைக்கு எட்டாமல் அவள் நகர்த்தி வைத்ததையும் அவன் கவனிக்கவில்லை.

"கோவமாவா சொன்னான்?"

மீனை விட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது நாளாய் எவரும் தராத விடை, தேநீரும் விரிவுரையும் இன்றி, ஒற்றைச் சொல்லாய் வந்தது.

"சிரிச்சாவ."