இருவருக்கும் தெரிந்த ஒரே சொல்

பாஸ்கோவின் நாய்க்கு இருபத்தாறு வருஷமாக வயது ஏறவில்லை. கார்னிஷ் பேசும் எங்கள் மௌசல் மீன்துறையில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருஷங்களில் மத்தி மீன் நன்றாகப் பட்டது, பேச வேறு விஷயம் இருந்தது.

தாமிரக் கல் ஏற்றிக்கொண்டு வேல்ஸ் கரைக்குப் போன ஒரு கோடையில்தான் பாஸ்கோ, மாரெட்டைக் கட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் ஒரு வாய் குறைந்தால் போதும் என்று அவள் அண்ணன் கொடுத்துவிட்டான். இவனுக்குக் கார்னிஷ், அவளுக்கு வெல்ஷ். இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்த பாஷைகள்தான், ஆனால் அடுத்தவர் பாஷையை வாயில் வைக்க இருவருக்குமே வீம்பு. நாய்க்கு மட்டும் இரண்டிலும் ஒரே சொல்: கீ. அதை வைத்தே குடும்பம் நடத்தினார்கள். பசித்தாலும் கீ, கோபம் வந்தாலும் கீ, படுக்கக் கூப்பிட்டாலும் கீ.

"கிளிக்கூண்டு கெட்டுது போ," என்பாள் பக்கத்து வீட்டுச் செஸ்டன்.

ஒரே மகள் காய்ச்சலில் போனாள். குழியை மூடியதும் பாஸ்கோ மனைவி பக்கம் திரும்பி, மெதுவாக, "கீ?" என்றான். அதுவரை கல்லாக நின்ற மாரெட் அவன் தோளில் விழுந்து அழுதாள். மறுநாள் எழுந்து அடுப்பு மூட்டினாள்.

பிறகு கோயிலிலும் மீன் ஏலத்திலும் ஆங்கிலம் வந்தது. வயிற்றுப்பாட்டுக்காக இருவரும் கற்றுக்கொண்டார்கள். ஒரு மாலை வலை முடையும்போது மாரெட் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"பாப்பாவப் புதைச்ச அன்னைக்கு ஒண்ணு சொன்னியே, அதுலதான்யா நான் பொழச்சுக் கெடக்கேன்."

பாஸ்கோ யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"நாயக் கட்டிட்டு வந்தியான்னு கேட்டேன் புள்ள. வீட்ல மீன் தெறந்து கெடந்துச்சு."

மாரெட் முடிச்சைப் போட்டு முடித்தாள். "கட்டித்தான் வந்தேன்," என்றாள்.

அன்றிலிருந்து நாய்க்கு வயது ஏறியது. வாரத்துக்கு ஒரு வருஷம் என்பது செஸ்டனின் கணக்கு. மூஞ்சி நரைத்தது, பல் கொட்டியது, கண்ணில் பால் படர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் செத்துப்போனது. "பின்னே, எத்தன வருஷந்தான் இருக்கும்?" என்றார்கள் ஊரில்.

அது செத்த அன்று கடலிலிருந்து வந்த பாஸ்கோ வாசலில் நின்று, "கீ," என்று கூப்பிட்டான்.

"செத்துப்போச்சு," என்றாள் மாரெட், நல்ல ஆங்கிலத்தில்.

அதன்பின் பல வருஷம் அவர்கள் ஒருவர் சொல்வது ஒருவருக்கு நன்றாகப் புரிய வாழ்ந்தார்கள்.