விரிசல் விட்ட முனை

ராஜவேலு நல்லவன் என்று பெரிய காஞ்சிபுரத்தில் நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரும் அவனோடு குடித்தனம் நடத்தியவர்கள் அல்ல. நடத்தியவள் அம்சவேணி ஒருத்திதான். வாசலில் மேகம் கறுக்கிறதே, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னால் குடையை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். ரசத்துக்கு உப்பு போட்டாயிற்று என்றால் இன்னொரு கை அள்ளிப் போட்டு, வாயில் வைத்துவிட்டு, அவள் மூஞ்சியிலேயே துப்புவான். அவள் சொன்னதைக் கேட்டு அவன் நடந்தான் என்று ஒரு நாள்கூட கிடையாது.

கல்லூரி வாத்தியார் வேலையோடு, டாக்டர் பட்டத்துக்காகக் கடல் சேற்றில் ஆராய்ச்சி. கப்பலிலிருந்து நீளக் குழாயை வங்கக்கடலின் அடித்தரையில் இறக்கி உருவிய சேறு அது. குழாயோடு நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்து, ஒரு பாதியைப் பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துக்கொண்டு மறு பாதியை இவனிடம் கொடுத்திருந்தார்கள். அடியில் இருப்பது பழைய சேறு, மேலே இருப்பது புதியது. நடுநடுவே கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் ஓடுகள். குளிர்ந்த நீரில் வாழ்ந்தவை ஒரு வகை, வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்தவை வேறு வகை. எந்த ஆழத்தில் எது அதிகம் என்று எண்ணினால், உலகம் பனியில் விறைத்திருந்த காலத்தில் நம் கடல் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாமாம். பல்லாயிரம் வருஷத்துப் பழைய கடலைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டவனுக்கு, அந்த எழுபத்து நாலாம் வருஷம் கிணறு வற்றிப்போய்ப் பெண்டாட்டி தெருக்குழாயில் கால் கடுக்க நின்றது மட்டும் கண்ணில் படவில்லை.

"பட்டம் வந்தா பம்பாயில வேலை. பொன்னிய இட்டுக்கினு போய்டுவேன். அங்க என் அக்கா வளப்பா" என்றான் ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நானு?"

"ஊர்ல, முசரவாக்கத்துல, நம்ம மாடுங்க இருக்குதே. யாரு பாக்கறது?"

பொன்னிக்கு ஆறு வயது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்காத பெண். அன்றிலிருந்து அம்சவேணிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. போன வருஷம் அவள் அவன் சாமான்களைத் தொடாமல் விட்டதற்கு, "தறிக்காரன் ஊட்டுல நூல் ஓட்டற நாடாவுக்குக்கூட பொட்டு வெக்கறான். என் தொழிலு உனக்கு எளப்பமா?" என்று கன்னத்தில் அறைந்திருந்தான். அதனால் இந்த வருஷம் அந்தப் பாதிக் குழாயையும் தூக்கி வந்தாள். சேற்றை மூடிய ஈரத்துணியை அலுங்காமல் வைத்து, குழாயின் வெளிப்புறத்தைப் பளிச்சென்று துடைத்து, இரண்டு முனையிலும் சந்தனம் குங்குமம் இட்டாள். சேற்றின் மேல் முனை எது என்று காட்டக் குழாயில் போட்டிருந்த நீலப் பென்சில் அம்புக்குறி, துடைத்த துணியோடு போய்விட்டது.

பூஜை முடிந்த பிறகுதான் ராஜவேலு அதைப் பார்த்தான். முதலில் அடித்தான். அப்புறம்தான் யோசித்தான். பம்பாய்க்கு எழுதிக் கேட்டிருக்கலாம். பெண்டாட்டி துடைத்துவிட்டாள் என்று எழுத அவனுக்கு மானம் போயிற்று.

"அம்பு எந்தப் பக்கம்டி இருந்துச்சி?"

அம்சவேணிக்குத் தெரியும். அம்பு காட்டிய முனையில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. துடைக்கும்போது துணி அதில் மாட்டியிருந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மூலையில் பொன்னி விசும்பிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் இவன் சரியான பக்கத்தைப் பிடித்துக்கொள்வான், பட்டமும் வாங்குவான், குழந்தையும் போய்விடும். அவள் தன் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக உண்மை பேசியதில்லை.

"விரிசல் உட்ட பக்கந்தாங்க மேலே."

அவன் அவள் கண்ணையே பார்த்தான். பிறகு சிரித்தான். "என்னைக் கவுக்கப் பாக்கறியா?" விரிசல் விட்ட முனையில் 'அடி' என்று மையால் பெரிதாக எழுதினான்.

எண்ணிப் பார்த்தபோது எல்லாமே தலைகீழாக வந்தது. பனிக்காலத்தில் கடல் வெதுவெதுப்பு, இன்றைக்குக் குளிர்ச்சி. வேறு யாராவது இருந்தால் எங்கேயோ தப்பு என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். ராஜவேலுவுக்குச் சந்தேகம் வரவில்லை, பெருமைதான் வந்தது. உலகத்தில் யாருக்கும் கிட்டாத கண்டுபிடிப்பு என்று மார்தட்டிக்கொண்டு பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்குச் சென்னைக்குப் போனான்.

தேர்வாளர் பம்பாய்க்காரர். கையோடு மறு பாதியின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சேற்றைத் தலைகீழாக வைத்துப் படித்திருக்கிறீர்கள்" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. பட்டம் இல்லை, பம்பாய் இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்போடு கூடத்தில் நின்றான். "அன்னிக்கி நீ சொன்னது நெசமா?"

"நெசந்தான். நீங்கதான் நம்பல."

சொல்லும்போது அவளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தாள். அவன் அடிக்கவில்லை. பொன்னியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"இனிமே நான் எங்கியும் போவப் போறதில்லம்மா. இங்கதான். உங்கம்மா ஒரு பொய்க்காரி. அவ எது சொன்னாலும் அதுக்கு மாறா செய்யி. அப்பதான் அப்பா உங்கூட பேசுவேன்."

குழந்தை தன்னோடு இருப்பாள் என்பதை மட்டுமே நினைத்திருந்தாள் அம்சவேணி. அவனும் கூடவே இருப்பான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் கொதிக்கக் கொதிக்கப் பாலை டம்ளரில் ஊற்றி வைத்தாள். "சுடுதும்மா, ஆறட்டும். தொடாத" என்றாள்.

பொன்னி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்தான். குழந்தை இரண்டு கையாலும் டம்ளரை எடுத்து மடக்கென்று வாயில் ஊற்றிக்கொண்டாள்.