குப்பைச் சீட்டு

கொத்தனார் நல்ல மனிதர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருவர் நல்லவர் என்று ஆளாளுக்கு இத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தால் அங்கே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி அக்காவுக்கு அது உறைக்க வெகுகாலம் ஆனது.

கண்ணாடி அக்கா கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவள். எழுத்துப் பலகையைக் காட்டி "அடுத்த வரி படிங்க" என்று காலையிலிருந்து மாலைவரை சொல்வது பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு வேலை. பார்வை போனவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். எங்கெங்கோ இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்க்காமல், பட்டப்பெயரிலேயே குடும்பம் நடத்தும் கூட்டம். முதல் கல்லை வைப்பதுபோல் முதல் வரியை எழுதியவர் என்பதால் அவர் கொத்தனார். மூக்குக்கண்ணாடிப் படம் வைத்திருந்ததால் இவள் கண்ணாடி அக்கா. யார் எதை அனுப்பினாலும் இந்த இருவரில் ஒருவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும்.

பிடிக்காதது வந்தால் கொத்தனார் அதன்மேல் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுவார். 'குப்பை' என்று கொட்டை எழுத்தில். கீழே இரண்டு வரி வசவு. தப்பு எங்கே என்பது மட்டும் இருக்காது. ஊரே பார்க்கும்படி காலத்துக்கும் அது அங்கேயே கிடக்கும். பழைய ஆட்களுக்கு இதில் ஒரு பெருமை வேறு. மீசைக்காரர் என்று ஒருவர், "நான் மூணு குப்பை வாங்கினவன்" என்று சொல்லிச் சொல்லியே பெரிய மனிதர் ஆனவர். புது ஆளுக்கு முதல் குப்பை விழுந்தால் எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டு வாழ்த்துவார்கள். கண்ணாடி அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், தன் முதல் குப்பையைப் பீங்கான் கோப்பையில் அச்சடித்து அதில்தான் தினமும் காபி குடித்தாள். அது விழுந்த அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததைக் கோப்பையில் அச்சடிக்க முடியாதே, அதனால் அது மறந்துபோயிருந்தது.

அணில் என்று ஒரு புது ஆள் வந்தது. மென்பொருள் தொலைபேசி எண்ணைப் பார்த்தால் கோடி, லட்சம் என்று சொத்துக் கணக்குப் போல் படிக்கும். அதை ஒவ்வோர் எண்ணாகப் படிக்க வைக்க அணில் எழுதி அனுப்பியிருந்தது. கொத்தனார் சீட்டை ஒட்டினார். 'கை இருக்கிறது என்பதற்காக எல்லோரும் எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். மூளை இருக்கிறதா என்று வீட்டில் விசாரித்துவிட்டு வரவும்.'

மருத்துவமனையில் சாப்பாட்டு இடைவேளை. கண்ணாடி அக்கா ஒரு கையால் டப்பாவை மூடிக்கொண்டே மறு கையால் சிரிப்புப் பொம்மை போட்டாள். 'வாழ்த்துகள் அணில், இனி நீயும் நம்ம ஆளு' என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

அன்று மாலை நாத்தனார் சாப்பிட வரவில்லை. கணவனின் தங்கை, கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவள். ஒரு கூட்டத்தில் "அது ஏன் சார்?" என்று கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து மேலாளர் அவளை எல்லோர் முன்னாலும் "வாங்க, ஏன் மேடம்" என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, வேலையை விட்டு ஓட வைத்தார். வீட்டுக்கு வந்தவள் பின்னறைக்குள் முடங்கினாள். நிரல் எழுதக் கற்றுக்கொள் என்று தூண்டிவிட்டவள் அண்ணிதான். இந்தக் கொஞ்ச நாளாகத்தான் அந்த அறையிலிருந்து தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்றைக்கு லேப்டாப் பையில் கட்டப்பட்டு அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. எனக்கு இதெல்லாம் வராது."

"வராதுன்னு யாரு சொன்னது?"

நாத்தனார் அண்ணியின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். "கொத்தனார் சொன்னாரு. நீங்க சிரிச்சீங்க."

கண்ணாடி அக்கா வாய்வரை கொண்டுபோன கோப்பையை இறக்கினாள். "நீதான் அணிலா?"

"நான் எழுதினது உள்ள போனதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"அது எல்லாரும் வாங்கறதுதான்மா. நானும் வாங்கியிருக்கேன், பாரு."

"நீங்க வாங்கினீங்க, சரி. அதுக்காக நானும் வாங்கணுமா?"

கண்ணாடி அக்கா எழுத்து தெரியாதபடி கோப்பையைத் திருப்பி வைத்தாள். எத்தனை பேர் இப்படி லேப்டாப்பைக் கட்டி அலமாரி மேலே வைத்திருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் நான் வாழ்த்துச் சொல்லியிருக்கிறேனே என்று நினைத்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை கோப்பையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு உட்கார்ந்து அந்தச் சிவப்புச் சீட்டை அடியோடு நீக்கினாள். மீசைக்காரரின் மூன்றும் சேர்ந்தே போயின. முகப்பில் எழுதினாள்: 'இனி இங்கே குப்பைச் சீட்டு கிடையாது. தப்பு இருந்தால் எந்த வரியில், ஏன் என்று எழுதுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் இன்னொருவர் பார்க்கும்வரை சும்மா இருங்கள். அணில், நான் சிரித்தது தப்பு. மன்னித்துக்கொள்.'

மதியம் கொத்தனார் சீட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். மாலையில் இவள் எடுத்தாள். அவர் வைக்க, இவள் எடுக்க, வாரம் முழுக்க இதே கூத்து.

"ஓசியில உழைக்கற இடத்துலயும் சண்டையா?" என்றான் கணவன்.

"சம்பளம் குடுக்கற இடத்துல வாயை மூடிக்கிட்டுதான் இருக்கேன். ஓசியில உழைக்கற இடத்துலயும் மூடணுமா?"

அவன் துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் எல்லோரையும் வீடியோவில் கூட்டினார். மென்பொருள் ஓடுகிற சர்வர் அவர் பெயரில் இருந்தது, பாஸ்வேர்டும் அவரிடம். அவர் கோபித்துக்கொண்டு போனால் மென்பொருள் படுத்துவிடும். அதை நம்பித்தான் படிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அதில் பலருக்கு மருத்துவமனையில் கண்ணாடி அக்காவே கற்றுக்கொடுத்திருந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. நாத்தனாரின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"நான் மனசுல பட்டதைப் பட்டுனு பேசறவன்," என்றார் கொத்தனார். "பொத்திப் பொத்தி வளக்க இது பாலர் பள்ளி இல்ல. சீட்டு திரும்ப வரணும். இல்லன்னா நான் கிளம்பறேன்."

மீசைக்காரர் மேலே கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"கொத்தனார் அண்ணே," என்றாள் கண்ணாடி அக்கா. குரல் லேசாக நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "போறதுன்னா பாஸ்வேர்டைக் குடுத்துட்டுப் போங்க. குடுக்க மாட்டேன்னா வேற சர்வர் புடிச்சு முதல்லேருந்து ஏத்துவோம். கோட் எல்லாருக்கும் பொது, அது எங்கயும் போயிடாது. இருக்கறதுன்னா சந்தோஷமா இருங்க. நீங்க எழுதறதையும் நான் பாக்கறேன், தப்பு இருந்தா எந்த வரின்னு சொல்றேன். சீட்டு மட்டும் வராது."

"யாரோ ஒரு அணிலுக்காக இவ்வளவு கலாட்டா. அது யாருன்னாவது உனக்குத் தெரியுமா?"

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வீட்டு உடையில், சீவாத தலையோடு நாத்தனார் வந்து அண்ணியை ஒட்டி உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப்.

"நான்தான்," என்றாள். "வீட்டுல விசாரிச்சிட்டேன் சார், மூளை இருக்காம். நம்பருக்கு நடுவுல இடைவெளி இருந்தா என் கோட் நின்னுடுது. எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன், காரணம் தெரியல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

திரையில் கொத்தனாரின் கட்டம் கறுப்பானது. ஆனால் பெயர் அங்கேயே இருந்தது. கேமராவை மட்டும்தான் அணைத்திருந்தார்.

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். "இடைவெளி வந்ததும் நம்பர் முடிஞ்சிடுச்சுன்னு அது நினைச்சுக்குதும்மா. முதல்ல இடைவெளியை எல்லாம் எடுத்துடணும், அப்புறம்தான் படிக்க விடணும்."

நாத்தனார் திரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். மேஜைக்குக் கீழே அவள் கை அண்ணியின் கையைத் தேடிப் பிடித்தது.

"அது ஏன் சார்?" என்று கேட்டாள்.

மீசைக்காரர் விளக்க ஆரம்பித்தார்.